பணத்தைக் கொடுத்தேன், பெயரைக் கொடுத்தேனா?



இந்த வாரச் சிந்தனையை ஓர் அறிக்கையாகவே எழுதுகிறேன். சென்ற ஞாயிறு ஆராதனையின் முடிவில் நான் சுருக்கமாகச் சொன்ன காரியத்தை, அன்று வர இயலாமற்போனவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டு, "இதையெல்லாம் சபையில் சொல்ல வேண்டுமா ஐயா?" என்று அன்போடு கடிந்துகொண்ட மூப்பர்களுக்கும் இது என் பதில்.

நம் ஞாயிறு பள்ளியில் வளர்ந்த மகள் ஒருத்திக்குக் கடந்த தை மாதம் மைசூரில் திருமணம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தாம்பரத்திலிருந்து மைசூர் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நானும் என் மனைவியும், பாடகர் குழுவின் மூத்த சகோதரிகள் மூவரும், நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு தம்பியும் போவதாக ஏற்பாடு. அந்தத் தம்பி வாடகைக்கார் ஓட்டிப் பிழைப்பவர். அவர் ஓட்டும் சிறிய வண்டியில் ஆறு பேர் அமர இயலாது. ஆகவே தமக்கு அறிமுகமான ஒருவரிடம் ஏழு பேர் அமரும் வண்டியொன்றை மூன்று நாள் வாடகைக்கு எடுத்துக்கொடுத்தார். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து கொண்ட வண்டி. வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிக்கொள்வதற்கென்று பதிவு செய்யப்பட்டது. ஒப்பந்தம் தம்பியின் பெயரில். முன்பணம் ஐயாயிரமும் ஓட்டுநர் உரிமத்தின் நகலும் அவருடையவை. ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிட்டவரைத் தவிர வேறெவரும் ஓட்டக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதை நான் அப்போது வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். வண்டலூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, ஸ்ரீபெரும்புதூர், வேலூர், கிருஷ்ணகிரி, ஒசூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுகத் தம்பிதான் ஓட்டினார். மறுநாள் காலை திருமணம், மதியம் விருந்து. இரண்டு மணிக்கு மேல் மைசூரிலிருந்து திரும்பினோம். மறுநாள் ஞாயிறு, காலை எட்டு மணிக்கு ஆராதனை. செய்தி என்னுடையது, அதற்கான குறிப்புகளை நான் இன்னும் முடித்திருக்கவில்லை. மனம் முழுவதும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

மத்தூர் அருகே சேவைச் சாலைக்கு இறங்கி, அந்த ஊரின் பெயர்பெற்ற வடையும் காப்பியும் சாப்பிட்டோம். தம்பியின் கண்கள் சிவந்திருந்தன. "நீர் பின்னால் படுத்துக்கொள்ளும், சற்று நேரம் நான் ஓட்டுகிறேன்" என்றேன். அவர் மறுத்தார், நான் வற்புறுத்தினேன். களைத்தவரை ஓய்வெடுக்கச் செய்ததில் தவறில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் ஓட்டிய விதத்தில்தான் தவறு நேர்ந்தது.

பெங்களூரு–மைசூர் விரைவுச்சாலையில் நீங்கள் போயிருக்கலாம். 119 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை 2023 மார்ச் 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. முதல் மாதங்களிலேயே அடுத்தடுத்து விபத்துகள் நிகழ்ந்து பல உயிர்கள் போயின. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் அதன் முதன்மைத் தடங்களில் போகக்கூடாதென்று தடை வந்தது. பின்னர் வேகத்தை அளந்து படமெடுக்கும் கேமராக்களும் நிறுவப்பட்டன. கார்களுக்கு அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் எல்லை. பலகைகள் தெளிவாகவே இருக்கின்றன. பார்க்கவில்லை என்று நான் சொல்ல முடியாது, பார்த்தேன். சாலை நேராக இருந்தது, வெயில் தாழ்ந்திருந்தது, வண்டி புதியது. வேகமுள் நூறைத் தாண்டியதை அறிந்தே விட்டேன். ராமநகரத்துப் பாறைக்குன்றுகள் பக்கத்தில் வந்து மறைந்தன. "கொஞ்சம் மெதுவாகப் போகலாமே" என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு சகோதரி சொன்னதும் நினைவிருக்கிறது. "நாளைக்கு ஆராதனை இருக்கிறதல்லவா அம்மா" என்று பதில் சொன்னேன். என் மீறலுக்கு ஆண்டவருடைய நாளையே காரணமாக்கினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த அவசரத்தால் நான் ஈட்டியது என்னவென்று பிறகு கணக்குப் பார்த்தேன். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரை நூறில் ஓட்டினால் 36 நிமிடம். 118-இல் ஓட்டினால் முப்பதரை நிமிடம். மிச்சம் ஐந்தரை நிமிடம். அன்று மாலை ஒசூர் சாலையில், அத்திபெலே எல்லைக்கு முன்னே, வண்டிகள் வரிசைகட்டி நின்றதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு. மறுநாள் காலை நான் கொடுத்த செய்தி, லூக்கா பதினாறாம் அதிகாரத்திலிருந்து, சிறிய காரியத்தில் உண்மையாயிருப்பதைப் பற்றியது. உங்களில் சிலர் நன்றாயிருந்தது என்று கைகுலுக்கினீர்கள்.

பதினோரு நாள் கழிந்தது. புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து திரும்பியபோது, தம்பி போதகர் இல்லத்து வாசலில் காத்திருந்தார். வண்டியின் உரிமையாளருக்கு வந்த குறுஞ்செய்தியை அவர் தம்பிக்கு அனுப்பியிருந்தார். தம்பி முதலில் அதை மோசடி என்றே எண்ணியிருக்கிறார். அப்படி எண்ணியதில் நியாயம் உண்டு. அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பை அனுப்பி, அதைத் திறப்பவரின் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் கூட்டங்கள் இருப்பதை நம் சபையிலேயே எச்சரித்திருக்கிறோம். ஆகவே அவர் அந்த இணைப்பைத் தொடவில்லை. அரசின் பரிவாகன் தளத்துக்குத் தாமே போய், வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அபராதம் அங்கே இருந்தது. படமும் இருந்தது.

அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. நாள், சனிக்கிழமை. நேரம், பிற்பகல் 3.47. பதிவான வேகம் 118. அனுமதித்த வேகம் 100. கண்ணாடியில் வானத்தின் வெளிச்சம் பட்டிருந்ததால் ஓட்டுபவரின் முகம் தெரியவில்லை. 3.47-க்குத் தம்பி பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தார். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஐயா, வாடகை என் பெயரில்தானே இருக்கு. நான் ஓட்டினதாவே இருக்கட்டும். ஓட்டினது யாருன்னு வண்டிக்காரர் கேக்குறார். என் லைசென்ஸ் நம்பரைக் கொடுத்துடறேன். உங்க பேர் எதுக்கு இதுல வரணும்?"

பிரியமானவர்களே, அந்தச் சொற்களைக் கேட்டபோது எனக்குள் முதலில் எழுந்தது வெட்கமன்று, ஆறுதல். அதை மறைப்பதில் பயனில்லை. நான் செய்தது இவ்வளவுதான்: சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து, "அபராதம் ஆயிரமும் என்னுடையது தம்பி. உமக்கு நஷ்டம் வரக்கூடாது" என்று அவர் கையில் வைத்தேன். அவர் வாங்கத் தயங்கினார், நான் விடவில்லை. பிறகு அவருக்காக ஜெபித்தேன். கடன் தீர்த்தவனுடைய நிம்மதியோடு உறங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பின், என் மனைவி பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்: "என்னங்க, அந்தத் தம்பி கிட்ட பணத்தைக் கொடுத்துட்டீங்க, சரி. பேரைக் கொடுத்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சட்டம் என்ன சொல்கிறதென்று தேடிப் படித்தேன். உங்களில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது என்பதால், புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேமரா வண்டியின் எண்ணைப் படிக்கிறது, ஆளை அறியாது. ஆகவே அறிவிப்பு வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே போகும். வாடகை வண்டியானால் அதன் உரிமையாளருக்கு. வேறு மாநிலத்தில் நிகழ்ந்தாலும் இதில் மாற்றமில்லை. நாடு முழுவதற்குமான வாகனப் பதிவேட்டில் எண்ணைத் தேடி அனுப்பிவிடுகிறார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, இவ்வகை மின்னணுக் கண்காணிப்புக்கென்றே 136-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குற்றம் நிகழ்ந்த பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்பது 2021-இல் வந்த விதி. 133-ஆம் பிரிவின்படி, ஓட்டியவர் யார் என்று அதிகாரி கேட்டால், அவருடைய பெயர், முகவரி, உரிமம் பற்றிய விவரங்களைச் சொல்ல உரிமையாளர் கடமைப்பட்டவர். அதாவது, தம்பி பொய்யான விவரத்தைக் கொடுத்தால், உரிமையாளரும் அறியாமலே பொய் சொன்னவராவார். என் ஒரு மீறலை மூடுவதற்கு இரண்டு பேரின் வாய் அசுத்தப்பட வேண்டியிருந்தது.

அடுத்து 183-ஆம் பிரிவைப் படித்தேன். காரில் வேக எல்லையை மீறினால் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். அதே குற்றம் மறுபடியும் நேர்ந்தால் ஓட்டியவரின் உரிமத்தையே பிடித்து வைக்கலாம். இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். எனக்கு ஓட்டுநர் உரிமம் என்பது சட்டைப் பையில் இருக்கும் ஓர் அட்டை. அந்தத் தம்பிக்கு அது அடுப்பு எரிவதற்கான வழி. நாள் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஜி.எஸ்.டி. சாலையிலும் வேளச்சேரிச் சாலையிலும் ஓடுகிறவர். எதிர்பாராமல் ஒரு நாள் அவரே இப்படி அகப்பட்டால், சட்டத்தின் கண்ணில் அது அவருடைய இரண்டாம் குற்றமாகிவிடும். முதல் குற்றம் என்னுடையதென்று அன்றைக்கு யார் சாட்சி சொல்லப்போகிறார்கள்? ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, அவருடைய பிழைப்பின் மேல் ஒரு கறையை நான் வைத்துவிட்டேன். அதை உதவி என்றும் எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபத்தைத் திறந்தேன். ஒரே அதிகாரம், பவுல் எழுதியவற்றுள் மிகச் சிறியது. பலமுறை அதிலிருந்து பிரசங்கித்திருக்கிறேன். எஜமானை விட்டு ஓடிப்போன அடிமை ஒநேசிமு. சிறையிலிருந்த பவுல் அவனுக்காகப் பரிந்து எழுதுகிறார். அவன் ஏதேனும் அநியாயம் செய்திருந்தாலும், கடன்பட்டிருந்தாலும், அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி கேட்டு, தம் கையாலேயே அதற்கு உறுதி எழுதிக்கொடுக்கிறார். மற்றவனுடைய கடனைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் அந்த அன்பில் நம் ஆண்டவருடைய சிலுவையின் சாயல் இருக்கிறதென்று நான் எத்தனை முறை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்!

அன்றிரவு வாசித்தபோது, பவுலின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க இயலவில்லை. என் மனைவியின் கேள்விக்குப் பிறகு, அந்த இடத்தில் வாடகைக்கார் ஓட்டும் இருபத்தாறு வயதுத் தம்பிதான் நின்றார். கணக்கைத் தம்மேல் வைத்துக்கொள்ள முன்வந்தவர் அவர். நான் நின்றது ஒநேசிமுவின் இடத்தில். அப்போதுதான், இத்தனை ஆண்டுகள் நான் கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு காரியம் கண்ணில் பட்டது. ஒநேசிமு எங்கே இருந்தான்? பவுலோடு ஒளிந்திருக்கவில்லை. அவன் திரும்பிப் போனான். தன்னைத் தண்டிக்க அதிகாரம் உள்ளவருடைய வாசலில் போய் நின்றான். பவுல் கடனைத் தம்மேல் ஏற்றுக்கொண்டது அவனைப் போக வேண்டாமென்று சொல்வதற்காக அன்று. முகத்தைக் காட்டிப் போய் நிற்கும் தைரியத்தை அந்தக் கடிதம் அவனுக்குக் கொடுத்தது.

கிருபையை நாம் எவ்வளவு எளிதாகத் திரையாக்கிக்கொள்கிறோம்! வேறொருவர் எனக்காகப் பட்டார் என்ற சுவிசேஷத்தை நம்புகிறவன், வேறொருவர் எனக்காகப் படட்டும் என்று ஒதுங்கிக்கொள்ளப் பழகிவிடக் கூடாது. நம் ஆண்டவர் நம்முடைய பாவத்தை அறிந்தே, மனமுவந்து, அதைத் தாங்க வல்லவராய்த் தாங்கினார். அந்தத் தம்பியோ, போதகர் மேலுள்ள மரியாதையினால், தாங்க இயலாத ஒன்றைத் தாங்க வந்தார். பலவீனமானவருடைய தோளில் பலமுள்ளவன் தன் சுமையை வைப்பதற்குக் கிருபை என்று பெயரிட முடியாது.

சனிக்கிழமை காலை தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஐயா, பரவாயில்லையே, இன்னும் ரெண்டு நாள் போனா முடிஞ்சிடும்" என்றார். "முடியாது தம்பி. வாரும், வண்டிக்காரரைப் போய்ப் பார்ப்போம்" என்றேன். நல்ல வேளையாக, அவர் இன்னும் தம் உரிம எண்ணைக் கொடுத்திருக்கவில்லை.

வண்டியின் உரிமையாளர் மேடவாக்கத்துக்கு அருகே இருக்கிறார். பெரிய நிறுவனமன்று, மூன்று வண்டிகள், வீட்டு முன்னறையில் ஒரு மேசை. நான் விஷயத்தைச் சொன்னேன். ஓட்டியது நான், வேகமாகப் போனதும் நான், ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை என்பதும் உண்மை என்றேன். அவர் முகம் இறுகியது. வேகத்தைப் பற்றி அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத ஆள் ஓட்டியதுதான் அவரைத் தாக்கியது.

"சார், அன்னைக்கு எதாவது ஆகியிருந்தா? இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்குற கேள்வி யார் ஓட்டினாங்கன்னுதான். வண்டி லோன்ல ஓடுது சார். நான் எங்க போறது?"

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, என் உரிமத்தின் நகலையும், அந்த நாளில் அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியது நானே என்று கையொப்பமிட்ட கடிதத்தையும் கேட்டார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அவர் முன்னிலையிலேயே அரசுத் தளத்தில் அபராதத்தைச் செலுத்தி, ரசீதின் பிரதியை அவருக்கு அனுப்பினேன். தம்பி என் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களையும் அப்படியே திருப்பித் தந்தார். அவர் அவற்றைச் செலவழிக்கவேயில்லை. புறப்படும்போது உரிமையாளர் சொன்னார்: "பெரும்பாலும் போனையே எடுக்க மாட்டாங்க சார். நீங்க நேர்ல வந்தீங்க, சரி. ஆனா அடுத்த தடவை உங்களுக்கு வண்டி கொடுக்கறது கஷ்டம்." நான் தலையசைத்தேன். அவர் சொன்னது நியாயம். மன்னிப்புக் கேட்ட எல்லா இடத்திலும் பழைய நம்பிக்கை உடனே திரும்பி வந்துவிடும் என்று வேதம் எங்கும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில், அகரம்தென் சாலையில், தம்பி நெடுநேரம் பேசவில்லை. சேலையூர் ஏரி அருகே வந்தபோது மெதுவாகச் சொன்னார்: "நீங்க கீழே இறங்கிப் போறது எனக்குப் பிடிக்கலை ஐயா. ஆனா இன்னைக்கு மனசு லேசா இருக்கு." இரண்டு வாரமாக அவருடைய மனத்தில் பாரம் இருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன். நான் ஜெபித்துவிட்டு உறங்கிய இரவுகளில் அவர் விழித்திருந்திருக்கிறார்.

ஆகவேதான் சபையில் சொன்னேன், மூப்பர்களே. என் தாழ்மையைக் காட்டுவதற்காக அன்று. போதகரின் பெயரைக் காப்பாற்றுவதற்காகச் சபையின் எளியவர்கள் தங்கள் பெயரைக் கொடுக்கும் வழக்கம் நம் நடுவே இருக்கக் கூடாது. அது அன்பினால் செய்யப்பட்டாலும் கூடாது. என் மேல் அன்புள்ளவர்கள் என் குற்றத்தை மூட வேண்டாம்; என் மனைவி செய்ததுபோல ஒரு கேள்வி கேளுங்கள்.

இந்தக் காரியத்தின் மறுபக்கத்தையும் உங்கள் முன் வைக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்ச் சீட்டு ஒன்றைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று எவரும் நினைக்கலாம். மத்திய அரசின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபத்தொருவர் அதிவேகத்தினால் நேர்ந்த விபத்துகளில் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் போகிறது. 118-இல் ஏறத்தாழ 33 மீட்டர். கால் பிரேக்கைத் தேடும் அந்த ஒரு நொடியில் ஐந்து மீட்டர் கூடுதல். ஒரு மனிதன் நிற்பதற்கும் விழுவதற்கும் இடையே உள்ள தூரம் அதைவிடக் குறைவு. மோதலின் விசையோ வேகத்தின் வர்க்கமாகக் கூடுவது. பதினெட்டுப் பங்கு வேகம் கூடினால் அடி முப்பத்தொன்பது பங்கு கூடுகிறது. அன்று என் பின்னே நம் சபையின் மூன்று வயதான தாய்மார்கள் அமர்ந்திருந்தார்கள். என்னை நம்பி ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பது என் திறமையன்று; இரக்கம்.

இனி உங்களுக்குச் சில வார்த்தைகள்.

இப்படியொரு குறுஞ்செய்தி உங்களுக்கு வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாதிருங்கள். வரும் கோப்பு எதையும் திறவாதிருங்கள். பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். படம், இடம், நேரம், எண் ஆகிய நான்கும் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள். வண்டி உங்களுடையதன்று என்றால், எண் தவறாகப் படிக்கப்பட்டது என்றால், துணிந்து ஆட்சேபம் தெரிவியுங்கள். அது உங்கள் உரிமை. உண்மையானால் காலந்தாழ்த்தாமல் செலுத்துங்கள். செலுத்தாத அபராதங்கள் இணையவழி நீதிமன்றத்துக்குப் போகின்றன. அந்தச் சுமை, வண்டியை உங்களுக்கு நம்பிக் கொடுத்தவர் தலையில் விழும். வாடகை வண்டி எடுத்தால் ஒப்பந்தத்தை வாசியுங்கள். ஓட்டப்போகும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். நண்பரின் வண்டியை இரவல் வாங்கிப் போனவர்கள், திருப்பிக் கொடுக்கும்போது, "ஏதாவது சீட்டு வந்தால் சொல்லுங்கள், அது என்னுடையது" என்று சொல்லப் பழகுங்கள்.

பெற்றோர்களே, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்காதிருங்கள். பிள்ளை செய்யும் குற்றத்துக்குப் பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ பொறுப்பாக்கி, மூன்றாண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்க 199-ஏ பிரிவு இடம் தருகிறது. அங்கே சட்டமே உங்கள் பெயரை எழுதிவிடும்.

ஞாயிறு காலையில் ஆராதனைக்குப் பிந்திவிட்டதென்று கேம்ப் ரோட்டில் பறந்து வருகிறவர்களை நான் அறிவேன்; நானும் அவர்களில் ஒருவன். சென்னை மாநகரக் காவல்துறை 2023 நவம்பரில் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் என்று எல்லை வகுத்தது. நம் ஆலயத் தெருவில் கேமரா இல்லை; பலகையும் இல்லை. ஆனாலும் அந்த முப்பதை நாம் நமக்கென்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் பிந்தி வந்து கடைசி வாங்கில் அமருங்கள். நான் கடிந்துகொள்ள மாட்டேன்.

இந்த வாரம் உங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வியை வைத்து ஜெபிக்கும்படி கேட்கிறேன். உங்கள் தவறு ஒன்றை வேறொருவர் சுமந்துகொண்டிருக்கிறாரா? வீட்டில் ஒரு பிள்ளையாயிருக்கலாம். அலுவலகத்தில் கீழே வேலை செய்கிறவராயிருக்கலாம். அன்பினால் வாய்திறவாத ஒரு மனைவியாயிருக்கலாம். அவருக்கு நீங்கள் பணமோ பரிசோ கொடுத்துச் சரிசெய்துவிட்டதாக எண்ணியிருக்கலாம். போய், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அந்த வாசல் வரை நடப்பதுதான் கடினம். ஆண்டவர் நம்மோடு நடக்கிறார்.

ஜெபிப்போம்: எங்கள் கடனை அறிந்து அதை ஏற்றுக்கொண்ட ஆண்டவரே, உம்முடைய கிருபைக்குள் ஒளிந்துகொள்ளாமல், அதன் பலத்தினால் வெளியே வந்து நிற்க எங்களுக்குத் தைரியம் தாரும். எங்களுக்காக மௌனமாய்ச் சுமக்கிறவர்களை எங்கள் கண்களுக்குக் காட்டும். சாலைகளில் பிழைப்புக்காக ஓடும் எங்கள் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்